இரட்சிப்பின் தேதி

என் இரட்சிப்பின் தேதி 2006 மே 14. பதினெட்டு வருஷமாகச் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்போதெல்லாம் இதைத்தான் சொல்லிவந்தேன். அது பொய்.

எங்கள் சபையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நெமிலிச்சேரியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட கூடம். பிரசங்கத்தின் முக்கியமான இடத்தில் ஒரு ரயில் போகும். மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்ட நாள் எது என்று கேட்டால், அங்கே ஒவ்வொருவரும் கல்யாண நாளைச் சொல்வதுபோல டக்கென்று தேதி சொல்வார்கள். ஞானஸ்நானம் எடுப்பதற்கே ஃபாரம் நிரப்ப வேண்டும். பெயர், அப்பா பெயர், அதற்கு அடுத்த வரியில் இரட்சிக்கப்பட்ட தேதி.

பதினைந்து வயதில் அந்த ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். அந்த மே மாதம் வாலிபர் முகாமில் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் நான் அழுதது முந்தின நாள் தின்ற பலாப்பழம் வயிற்றைப் பிசைந்ததால். பாஸ்டரின் மனைவி சித்ராக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "ஜெபாவ ஆண்டவர் தொட்டுட்டாரு" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். அந்த நிலைமையில் பலாப்பழம் என்று யார் சொல்வது? அந்தத் தேதியையே எழுதிக் கொடுத்தேன். இப்படித் தேதி போடுவது எங்கள் வீட்டில் அதோடு நிற்கவும் இல்லை. என் அம்மா ராணி குத்தம்பாக்கத்தில் வீட்டிலேயே பிறந்தவள். ஏரி உடைந்த வருஷம் என்பதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆதார் எடுக்க வந்தவர் ஜனவரி ஒன்று என்று தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் ஆதார் தேதியால் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. என் தேதியால் எனக்குக் கெட்டது. காரணம், வருகை. இயேசு ஒருநாள் எக்காளச் சத்தத்தோடு வருவார், தம்மை நம்பினவர்களை இமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவர்கள் இங்கேயே விடப்படுவார்கள். இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் அம்மா இல்லையென்றால் முதலில் அடுத்த வீட்டுக்குப் போய்த் தேட மாட்டேன், வானத்தைத்தான் பார்ப்பேன். நிச்சயமாகப் போகிறவர்கள் என்று யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது என் அம்மாவைத்தான். ராணியக்கா ஜெபிக்க ஆரம்பித்தால் மைக்கே வேண்டாம், தகரம் அதிரும்.

நான் வேலை செய்வது திருமழிசைத் தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில், செக்கிங் பிரிவு. ஒவ்வொரு வளையத்தையும் அளவுகோலில் நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழைந்தால் ஓகே. நுழையாவிட்டால் சிவப்புத் தொட்டி. ஒரு ஷிஃப்டில் இரண்டாயிரம் பீஸ் பார்ப்பேன். என்னை யாராவது அளந்து பார்த்தால் எந்தத் தொட்டியில் விழுவேன் என்று மட்டும் யோசிக்க மாட்டேன். யோசித்தால் வேலை ஓடாது.

அன்று ஆடி மாதச் சனிக்கிழமை. இரண்டரைக்கு ஷிஃப்ட் முடிந்தது. வீட்டுக்கு வந்தபோது மூன்றுக்குப் பத்து நிமிஷம். நாங்கள் இருப்பது மாடிப் போர்ஷன். நான், என் கணவர் வெங்கட், ஐந்து வயது மகள் லாவண்யா, அம்மா. நான் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அம்மாதான்.

கதவு விரியத் திறந்து கிடந்தது.

குழாயைத் திறந்தபடி விட்டிருந்ததால் பக்கெட் நிரம்பி, தண்ணீர் கூடம்வரை வந்திருந்தது. அடுப்பில் பருப்பு கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன், குழாயை மூடினேன். "அம்மா" என்று கூப்பிட்டேன். "லாவண்யா" என்று கூப்பிட்டேன். இருப்பது இரண்டு அறை. இரண்டிலும் யாரும் இல்லை. பாயில் அம்மாவின் பைபிள் திறந்தபடி இருந்தது. அதன்மேல் அவள் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு வாசற்படியே தெரியாது. பக்கத்தில் அவளுடைய பட்டன் போன். வாசலில் அவள் செருப்பு. லாவண்யாவின் செருப்பும் அங்கேயே இருந்தது. தட்டில் பாதி தின்ற தோசை.

ஜன்னலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தேன்.

வெங்கட்டுக்குப் போன் போட்டேன். மணி முழுவதும் அடித்து நின்றது. பாஸ்டருக்குப் போட்டேன். எடுக்கவில்லை. சித்ராக்கா எடுக்கவில்லை. கீபோர்டு வாசிக்கும் ராகேஷ் எடுக்கவில்லை. என்னோடு ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தும் டீச்சர் எடுக்கவில்லை. சபையில் மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேரும் விசுவாசிகள். எட்டுப் போனும் மணி அடித்து, அடித்து, ஓய்ந்தன.

பிறகுதான் அந்தப் புத்தி வந்தது, கம்பெனிப் புத்தி. விசுவாசி அல்லாதவர் எடுக்கிறாரா என்று சரிபார்க்க எங்கள் சூப்பர்வைசர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். நெற்றி நிறைய விபூதி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"இன்னாம்மா, ஊட்டுக்குப் போய்ச் சேந்தியா?"

போனை வைத்துவிட்டேன். போன வாரம் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்த வேம்புலிக்குப் போட்டேன். அவரும் உடனே எடுத்தார். "ஆன் பண்ணா எரியலியா?" என்றார்.

கீழே இறங்கி ஆசிக் பாய் மளிகைக் கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இப்போது சொல்வது சுலபம். அப்போது எனக்குப் படிக்கட்டு இருப்பதே ஞாபகத்தில் இல்லை. போகவேண்டியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், நான் விடப்பட்டுவிட்டேன். இந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் தலையில் இல்லை. தண்ணீர் தேங்கிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் வெங்கட் ஞாபகம் வந்தது. வெங்கட்டும் போனை எடுக்கவில்லையே.

வெங்கட் இந்து, ஞானஸ்நானம் எடுக்காதவர். கிறிஸ்துமஸுக்குக் கேக் தின்ன மட்டும் சபைக்கு வருவார். அவரைக் கட்டிக்கொண்டதற்காக ஒரு வருஷம் எனக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் தராமல் நிறுத்திவைத்தார்கள். அந்த மனுஷனையே எடுத்துக்கொண்டாரா? அவரை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டாரா?

பயம் போய் எனக்குக் கோபம் வந்தது. சபையில் "நீர், உம்முடைய" என்றுதான் ஜெபிப்பேன். அன்று அந்தத் தமிழெல்லாம் வரவில்லை.

"சாமி கும்புட்றவரயும் இட்டுகினு பூட்டீங்க. வாராவாரம் பொடவைய இஸ்திரி போட்டுகினு வந்து நின்ன என்ன வுட்டுட்டீங்க. இது நாயமா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "மே பதினாலு பொய்தான். எனக்குத் தெரியும். அன்னிக்கு எனக்கு ஒண்ணும் நடக்கல, வயித்து வலி. அதச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அதுக்குத்தான் வுட்டுட்டீங்களா? சரி, வுட்டுட்டீங்க. ஆனா நான் வேற எங்க போறது? எனக்கு உங்களத் தவிர யாரத் தெரியும்?"

அப்புறம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது.

"புள்ளயப் பாத்துக்குங்க. இருட்டுல தூங்க மாட்டா. ஒரு லைட்டப் போட்டு வையுங்க."

பதினெட்டு வருஷத்தில் அவரிடம் நான் உண்மையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்போது மேலே மொட்டை மாடியில் ஏதோ தடாலென்று விழுந்த சத்தம் கேட்டது.

எழுந்து ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வாளி கவிழ்ந்து கிடக்க, வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் அம்மா. முந்தானையால் தலையை மூடியிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கி, யார் என்று தெரிந்ததும், அவள் முகம் இருந்த இருப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நீயும் போவலியா?" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. நிச்சயமாகப் போகிறவர்களில் முதல் ஆள் விடப்பட்டுவிட்டோம் என்று தொட்டிக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கிறாள்.

"சோத்த தின்னுட்டு, ராவுக்குப் பருப்ப வச்சி, கொழாயத் தொறந்து வுட்டுட்டு செத்த கண்ண மூடுனேன்," என்றாள். "எக்காளச் சத்தம் கேட்டுச்சு ஜெபா. நெஜமா கேட்டுச்சு. முழிச்சிப் பாத்தா புள்ளயக் காணோம். தடவிப் பாத்தா செருப்பு கீது, புள்ள இல்ல. அதுக்கு ஒரு பாவமும் தெரியாது, இட்டுகினு பூட்டாரு. நான் மேல வந்து பாத்தேன். எனக்குக் கண்ணும் தெரில."

"ஏம்மா உன்ன வுட்டுட்டுப் போவாரு? சபைக்கே நீதான ஜெபிக்கற?"

"சத்தமா ஜெபிச்சா உள்ள கீற பயம் கேக்காது. அதான் சத்தமா ஜெபிப்பேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உனக்கு மஞ்சக்காமால வந்துச்சே, மூணு வயசுல. ஒரு ஐயா வந்து ஜெபம் பண்ணாரு, நீ பொழச்ச. அந்த நன்றிக்குத்தான் சபைக்குப் போனேன். அழுதேன், மனந்திரும்பினேன்னு எல்லாரும் தேதி சொல்றாங்க. எனக்கு அப்டி ஒரு நாளே இல்ல. கேட்டப்ப ஒரு தேதியச் சொல்லிட்டேன். அதையே சொல்லிகினு கீறேன். பொண்ணுக்காவது நெஜத் தேதி கீதே, அவளாவது போயிடுவான்னு பைபிளு மொத பக்கத்துல உன் தேதிய எழுதி வச்சேன்."

இதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அதுவும் பொய்ம்மா," என்றேன். பலாப்பழத்தைச் சொன்னேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தாள். அடித்த கையாலேயே என் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். தேதி இல்லாத இரண்டு பேர்.

என் கையிலிருந்த போன் அடித்தது. சித்ராக்கா.

விசுவாசி போன் செய்கிறார். பரலோகத்திலிருந்து யாரும் போன் செய்வதாகக் கேள்விப்பட்டதில்லை. எடுத்தேன்.

"ஜெபா, இன்னாம்மா இத்தன தபா அடிச்சிருக்க? எல்லாரும் உபவாச ஜெபத்துல இருந்தோம், போன கூடையில போட்டாச்சு. இப்பதான் முடிஞ்சுது. அம்மா ஏன் வரல? திடீர்னு ஏற்பாடாச்சு, ஜெபா, அம்மாவாண்ட சொல்லிடுன்னு உன் பேரப் போட்டே காலைல குரூப்புல எழுதனேனே."

சபை வாட்ஸாப் குரூப்பை நான் மியூட்டில் போட்டு ஒரு மாசம் ஆகிறது. அதைச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, "வருகை வரலம்மா, எல்லாரும் சபைலதான் கீறாங்க" என்றேன். அம்மா முகத்தில் ரத்தம் திரும்பியது. இரண்டு பேரும் பெருமூச்சு விட்டோம்.

அந்த மூச்சு பாதியிலேயே நின்றது.

வருகை வந்திருந்தால் பிள்ளை பத்திரம். வரவில்லையென்றால் லாவண்யா எங்கே?

அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பின்னால் அம்மா வெறுங்காலோடு, கண்ணாடி இல்லாமல், என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். லாரி போகும் ரோடு பக்கத்தில். தெருக்கோடியில் மூடாத கிணறு. "அப்பா, அப்பா" என்று என் வாய் சொல்லிக்கொண்டே வந்தது. என் சொந்த அப்பா செத்துப் பன்னிரண்டு வருஷம். நான் கூப்பிட்டது அவரை அல்ல, மேலே இருக்கிறவரை. நான் தகுதியானவளா, கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா, தேதி சரியா, ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் அம்மாவும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள், சத்தமே இல்லாமல்.

முகமது ஆசிக் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தான்.

"லாவண்யாவா? வெங்கட்டு அண்ணாத்த வந்து தூக்கினு போனாரேக்கா. ரெண்டேகால் இருக்கும். பெரிம்மா தூங்குறாங்க, எழுப்ப வேணான்னாரு."

அங்கேயே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஆசிக் சோடாவை உடைத்துக் கொடுத்தான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பத்து நிமிஷத்தில் வெங்கட்டே போன் செய்தார். பின்னால் மேளச் சத்தம். குத்தம்பாக்கத்தில் அம்மன் கரகம். அவர் அப்பா தசரதன் பேத்தியைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். "உங்கம்மாவாண்ட கேட்டா கோயிலுக்குன்னு வுட மாட்டாங்க. அதான் ஷூவ மாட்டித் தூக்கினு வந்துட்டேன். சவுண்டுல போன் கேக்கல" என்றார். நான் அவரிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. அம்மா கேட்ட எக்காளம் எங்கள் தெரு அம்மன் ஊர்வலத்தின் பேண்டு செட்டு என்பதும் ஆசிக் சொல்லித்தான் தெரிந்தது.

சாயங்காலம் கருகின பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"இன்னிக்கு வரல. நாளைக்கு வந்தா? நாம போவோமா ஜெபா?"

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. சபையில் பாஸ்டர் வருகையைப் பற்றித்தான் பேசினார். முடிக்கும்போது வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "இரட்சிப்பின் தேதிய நிச்சயமா சொல்லக்கூடியவங்க கைய உயர்த்துங்க."

நூறு கைகள் உயர்ந்தன. என் கையைத் தொடையின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன். பாஸ்டர் கண்ணில் அது பட்டுவிட்டது. நல்ல மனுஷர். என்மேல் அக்கறையில்தான் கேட்டார்.

"ஜெபா, உனக்கு 2006 மே 14 இல்லியாம்மா?"

எழுந்து நின்றேன். "அது பொய் ஐயா. பயந்துகினு எழுதனது. எனக்குத் தேதி இல்ல."

சித்ராக்கா வாயைப் பொத்திக்கொண்டார். திருவிருந்து மறுபடி நிற்கும், ஞாயிறு பள்ளி டீச்சர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள், எல்லாம் தெரிந்தது. பாஸ்டர் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தேதி தெரியாம எப்டிம்மா நிச்சயமா சொல்வ?"

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி கிரீச்சிட்டது. அம்மா எழுந்தாள். ராணியக்கா கையும் உயரவில்லை என்பதை எல்லோரும் அப்போதுதான் கவனித்தார்கள்.

"எனக்கும் தேதி இல்ல ஐயா," என்றாள். தகரம் அதிரும் அந்தக் குரல் இல்லை இது. முன்வரிசைக்குக் கேட்டிருந்தாலே அதிகம். "நான் பொறந்த தேதியே எனக்குத் தெரியாது. கார்டுல கீறது ஆபீசரு போட்டது. அதுக்காவ நான் பொறக்கலன்னு யார்னா சொல்வாங்களா? நேத்து அவரு என்ன வுட்டுட்டுப் பூட்டாருன்னு நெனச்சிகினு மாடில கெடந்தேன். அப்பவும் அவரத்தான் கூப்ட்டுகினு கெடந்தேன். இவ கீழ ஒக்காந்துகினு அவராண்டதான் சண்ட போட்டுகினு இருந்தாளாம். பொறக்காத புள்ள எங்கனா அழுவுமா ஐயா?"

ஒரு ரயில் போயிற்று. அது போய் முடிந்த பிறகும் பாஸ்டர் எதுவும் சொல்லவில்லை. உயர்ந்திருந்த கைகளில் சில மெல்ல இறங்கின.

அம்மா உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். நேற்று அடுப்படியில் நின்று அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

"போவோம்மா," என்றேன்.